மயக்க ஊசிக்குப் பிறகு புத்தி தடுமாறுவது ஏன்?

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் இரவு, மணி ஒன்றரை இருக்கும். அப்பத்தா தூங்காமல் போர்வையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஏதோ பூச்சி கடிக்கிறது போல என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளுகின்றன, கிள்ளியதை இடுப்புப் பக்கம் கொண்டுபோய் இல்லாத பையில் போடுகின்றன. பாசி எடுக்கிறாள். பாம்பன் தென்கடலில் நாற்பது வருஷம் மரிக்கொழுந்துப் பாசி எடுத்த கை அது. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் காட்டி, "துணிய இறுக்கிக் கட்டிட்ட அப்பு, விரல் மரத்துப்போச்சு" என்றாள். பாறையில் விரல் கிழியாமல் இருக்கச் சுற்றிக்கொள்ளும் துணி என்று அதை நினைத்துவிட்டாள். அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தாள். "வத்தம் வந்துருச்சு, இன்னும் என்னைய படுக்க வச்சிருக்கீங்க." கடல்நீர் வற்றும் நேரத்தைத்தான் வத்தம் என்பாள்.

வயது 74. புறவாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. விழுந்த அன்று காலைவரை பாசி வியாபாரியிடம் கிலோக் கணக்கு பேசியவள்தான்.

மறுநாள் பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "மயக்க ஊசி மூளைக்கு ஏறிருச்சு." மண்டபத்திலிருந்து வந்த மாமா, தனக்குத் தெரிந்த மூன்று பேருக்கு இப்படித்தான் ஆனது என்றார். ஒருவர் ஆபரேஷனுக்குப் பிறகு மகளையே அடையாளம் தெரியாமல் போய்விட்டாராம். இந்தக் கடற்கரையில் வயசானவர்களுக்கு ஆபரேஷன் என்றாலே குடும்பம் தயங்குவதற்கு இப்படிப்பட்ட கதைகள் பெரிய காரணம். கதைகள் பொய் இல்லை. காரணம்தான் பாதி தப்பு.

ஏனென்றால் அப்பத்தாவுக்கு முழு மயக்கமே கொடுக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்தார்கள். எலும்பில் துளை போடும் சத்தம்கூடக் கேட்டதாக அன்று சாயந்தரம் அவளே தெளிவாகச் சொன்னாள். மூன்றாம் நாள்தான் கடலுக்குக் கிளம்பினாள்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவச் செய்திகளை எழுதிப் பிழைப்பவன். அந்த இரவுக்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

சந்தேகம் புதிதில்லை. பெட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1955இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். முழு மயக்கத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,193 முதியவர்களின் விவரங்களைப் பார்த்துவிட்டு, சிலர் அதற்குப் பிறகு பழைய ஆளாகத் திரும்பவே இல்லை என்றார். குடும்பத்தார் சொன்னதை அவர் தட்டிக்கழிக்கவில்லை, அதுதான் பெரிய விஷயம். வயதானவர்களுக்குக் கட்டாயம் என்றால் மட்டும் ஆபரேஷன் செய்யுங்கள் என்று முடித்தார். அதே ஆட்கள் ஆபரேஷன் இல்லாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வழி இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு வந்து, 1998இல் அதே லான்செட்டில் வெளியானது. 60 வயது தாண்டிய 1,218 பேருக்கு இதயம் அல்லாத பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஞாபகம், கவனம் எல்லாம் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேருக்குச் சறுக்கல். மூன்று மாதத்தில் அது 9.9 சதவீதமாகக் குறைந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளாத, ஒப்பீட்டுக்கு வைத்திருந்த ஆட்களில் மூன்று மாதத்தில் சறுக்கியவர்கள் சுமார் 3 சதவீதம். ஆய்வாளர்கள் எதிர்பார்த்த குற்றவாளிகள் இரண்டு: ஆபரேஷன் நேரத்தில் ஆக்சிஜன் குறைவது, ரத்த அழுத்தம் இறங்குவது. இரண்டின் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை. வயது, மயக்கத்தில் இருந்த நேரம், பிறகு வந்த கிருமித் தொற்று, மூச்சுக் கோளாறு, குறைந்த படிப்பு இவையெல்லாம் முதல் வாரச் சறுக்கலோடு சேர்ந்து வந்தன. மூன்று மாதச் சறுக்கலில் மிஞ்சி நின்றது வயது மட்டும்தான்.

சரி, முழு மயக்கத்தை விட்டு முதுகு ஊசி போட்டால்? நம் ஊரில் பலர் மருத்துவரிடம் கேட்டு வாங்குவது இதைத்தான். இடுப்பு எலும்பு முறிந்தவர்களை வைத்தே இரண்டு பெரிய ஆய்வுகள் இதற்கு விடை தேடின. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில், முதுகு ஊசிக்காரர்களில் 20.5 சதவீதம் பேருக்கும் முழு மயக்கக்காரர்களில் 19.7 சதவீதம் பேருக்கும் குழப்பம் வந்தது. முதுகு ஊசியோடு தூக்க மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்களே, அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சீனாவில் 950 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் தூக்க மருந்து இல்லாமலே மரக்க ஊசி மட்டும் போட்டார்கள். அங்கும் மரக்க ஊசிக்காரர்களில் 6.2 சதவீதம், முழு மயக்கக்காரர்களில் 5.1 சதவீதம். கணக்கியல்படி வித்தியாசம் இல்லை.

நுரையீரல் பலவீனமானவர்களுக்கு முதுகு ஊசி நல்லதாக இருக்கலாம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாமலும் போகலாம். அதை மயக்க மருத்துவர் முடிவு செய்யட்டும். மூளையைக் காப்பாற்றுகிறோம் என்று அந்த ஒரு விஷயத்தில் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை.

அப்படியென்றால் நடப்பது என்ன? பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் திடீரென்று வந்து, மணிக்கு மணி கூடிக் குறைவது டெலிரியம். காலையில் தெளிவு, பொழுது சாய்ந்தால் பிதற்றல். காய்ச்சல் ஏறினால் ஜன்னி கண்டுவிட்டது என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்வார்களே, ஏறத்தாழ அதுதான். உடம்பு நோய் மூளையைக் கலக்குகிறது, நோய் தணிந்தால் கலக்கமும் தணியும் என்ற புரிதல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அப்பத்தா போர்வையைக் கிள்ளியதுகூடப் பழைய அடையாளம். ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்கக் குறிப்புகளிலேயே, கடும் காய்ச்சலில் போர்வை நூலைப் பிடுங்கும் கைகள் கெட்ட அறிகுறி என்று இருக்கிறது.

இரண்டாவது வகை மெதுவானது. பிதற்றல் எதுவும் இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்து வாரங்கள் கழித்தும் கணக்கு தப்பும், பேச்சு நடுவில் சொல் வராது, சமையலில் உப்பு இரண்டு தடவை விழும். பலருக்கு மாதங்களில் சரியாகும். மூன்றாவது டிமென்ஷியா என்ற மறதி நோய். அது வருஷக்கணக்கில் நகர்வது, பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே சத்தமில்லாமல் தொடங்கியிருப்பது. ஆஸ்பத்திரிப் படுக்கை அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது. "நல்லாத்தான் இருந்தாரு" என்று சொல்லும் குடும்பத்திடம் நிதானமாகக் கேட்டால், போன வருஷமே பென்ஷன் பணத்தை எங்கே வைத்தோம் என்று ரெண்டு தடவை தேடிய கதை வரும்.

உள்ளே நடப்பதைப் பற்றி இப்போது வலுவாக இருக்கும் விளக்கம் அழற்சி. எலும்பு உடைந்து, கத்தி பட்டு, தையல் போட்டதும் உடம்பு முழுக்க ஒரு போர்க்கால அறிவிப்பு போகிறது. ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் ஏறுகின்றன. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் காவல் சுவர் வயதில் கொஞ்சம் கசியத் தொடங்கியிருக்கும். சேதி உள்ளே போகிறது, மூளையின் சொந்தக் காவல் செல்களும் கிளர்ந்தெழுகின்றன. கவனத்தையும் விழிப்பையும் பிடித்து நிறுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளோ முதுமையில் ஏற்கெனவே குறைவு. இதன் மேல் வலி, தூக்கமின்மை, உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, புது மாத்திரைகள். இளவட்டத்துக்கு இத்தனையும் வந்தாலும் தாங்கும். கையிருப்பு குறைந்த மூளைக்கு ஒன்றிரண்டே போதும். மயக்க மருந்து இந்தப் பட்டியலில் ஒன்று, பல சமயம் பெரியது அல்ல. முழு மயக்கத்தின் ஆழத்தைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. ஆழம் குறைத்தால் டெலிரியம் குறைகிறது என்று ஒரு ஆய்வு, 1,232 பேரிடம் மூளை அலையைப் பார்த்துப் பார்த்து மருந்து கொடுத்தும் குறையவில்லை என்று 2019இல் இன்னொன்று.

நிரந்தரச் சேதம் எவ்வளவு என்பதுதான் பிள்ளைகள் கேட்கும் கேள்வி. லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் 7,532 பேரின் அறிவுத்திறன் சோதனைகளை 2019இல் அலசினார்கள். ஒரு பெரிய ஆபரேஷனால் கூடுதலாக ஏற்பட்ட தேய்மானம், சராசரியாக ஐந்து மாதம் வயது கூடியதற்கும் குறைவு. ஆபரேஷன் இல்லாமல் நோய்க்காக ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு அது 1.4 வருஷம். பக்கவாதம் வந்தவர்களுக்கு 13 வருஷம். இந்த மூன்று எண்களையும் மாமாவிடம் சொன்னேன். ஆபரேஷனைவிட ஆஸ்பத்திரிதான் மோசமா என்று சிரித்தார். ஒரு வகையில் அப்படித்தான், படுக்கவைக்கும் நோய்தான் மூளையையும் தொடுகிறது.

ஆனால் சராசரி என்பது எல்லோருக்கும் ஆறுதல் சொல்லாது. டெலிரியம் வந்தவர்கள் தனி வரிசை. இதய அறுவை செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 225 பேரைப் பின்தொடர்ந்து 2012இல் வந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் பழைய அளவுக்குத் திரும்பாதவர்கள் டெலிரியம் வந்தவர்களில் 40 சதவீதம், வராதவர்களில் 24 சதவீதம். ஆகவே "ஆஸ்பத்திரியில் கொஞ்சம் பினாத்துவாங்க, வீட்டுக்குப் போனா சரியாயிரும்" என்று வார்டில் சொல்லப்படும் சமாதானம் எனக்குப் போதவில்லை. பாதி சரியான வாக்கியம், மருத்துவரைக் கூப்பிடவேண்டிய நேரத்தில் நம்மை உட்காரவைத்துவிடுகிறது.

எங்களை உட்காரவைத்தது. அது எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அங்கே நடந்தது எங்கும் நடப்பதுதான், எங்கள் பங்கும் அதில் இருக்கிறது. அப்பத்தாவின் கண்ணாடி வீட்டில் சுருக்குப்பையிலேயே இருந்தது. அவசரத்தில் யாரும் எடுக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரே இருப்பது நர்ஸா, மருமகளா என்று தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தின இரவு பத்து மணியோடு தண்ணீரை நிறுத்தினார்கள். பட்டியலில் நான்காவது ஆளாக மறுநாள் மதியம் ஒன்றரைக்குத்தான் உள்ளே போனாள். பங்குனி வெயில், பதினைந்தரை மணி நேரம் நாக்கு காய்ந்து கிடந்தாள். திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும், வயிற்றில் வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்பது மயக்கவியலில் ரொம்ப நாளாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். மயக்க மருத்துவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாள். ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அரிப்புக்கு இன்னொன்று. அந்தத் தூக்க மாத்திரை பென்சோடயசபின் வகை. அரிப்பு மாத்திரை தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மருந்து, மேலே சொன்ன அசிட்டைல்கோலினை மேலும் அமுக்குவது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லி வெளியிடும் பட்டியலில் இரண்டு வகையும் இருக்கின்றன. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறவை இவையே. வருஷக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள் ஆபரேஷன் என்று திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது, அதுவும் குழப்பத்தைக் கிளப்பும். வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மருத்துவர் மேஜையில் கொட்டுவதுதான் நான் பார்த்தவரை உருப்படியான வழி.

ஆண்கள் விஷயத்தில் இன்னொன்று உண்டு. தினமும் குடிக்கிறவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைப் பார்த்துப் பேசத் தொடங்கலாம். டெலிரியம் வரும் அதே நாட்கள். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வைத்தியம் நேர் எதிர். மற்றவர்களுக்கு ஆகாத அந்த பென்சோடயசபின்தான் இவருக்கு உயிர் காக்கும் மருந்து. மருத்துவர் கேட்கும்போது "அந்தப் பழக்கமெல்லாம் இல்லைங்க" என்று மருமகன் முன்னால் மானத்தைக் காப்பாற்றுகிறோம். மூன்றாம் நாள் அதற்கு விலை கொடுப்பது அந்த மனுஷன்.

கத்துகிற, எழுந்து ஓடுகிற டெலிரியத்தையாவது யாரும் தவறவிட மாட்டார்கள். பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் பேசாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். "அப்பா தொந்தரவே இல்லை, நல்லா தூங்குறாரு" என்று மகன் பெருமையாகச் சொன்னார். அதுவும் டெலிரியத்தின் ஒரு வகை, முதியவர்களிடம் அதிகம் வருவதும் தவறவிடப்படுவதும் அதுதான். கூப்பிட்டால் கண் திறந்து மறுபடி மூடுவது, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு சொல்லோடு நிற்பது, ஊட்டிய சோற்றை வாயிலேயே வைத்திருப்பது. இவற்றைப் பார்த்தால் தூக்கம் என்று விட்டுவிடக்கூடாது.

நர்ஸுகளே இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது அதில் ஒன்று. கவனம் சிதறியவரால் முடியாது. பள்ளிக்கூடம் போகாத அப்பத்தாவுக்கு டிசம்பர், நவம்பர் என்பது எந்நாளும் முடியாது, கிழமைகளைத்தான் கேட்க வேண்டும். இன்று என்ன தேதி என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்டு, தெரியாததால் ஏதோ எழுதிக்கொண்டார். வளர்பிறையா தேய்பிறையா, எத்தனாவது பிறை என்று கேட்டிருந்தால் நல்ல நாளில் டக்கென்று சொல்வாள். பாசிக்குப் போகிறவளுக்கு வத்தம் எப்போது என்பதைச் சொல்வது நிலாதான், காலண்டர் இல்லை. குறைந்த படிப்பு டெலிரியத்துக்கு ஆபத்துக் காரணி என்கிற ஆய்வுகளைப் படிக்கும்போது, படித்தவர்களுக்காகத் தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டிப் பார்த்துவிட்டு அளவு சரியில்லை என்கிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு வருவது இதனால்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் 1990களில் இந்தியில் ஒரு சோதனையை மாற்றியமைத்தார்கள். நம் கடற்கரைக்குப் பிறைக்கணக்கில் ஒன்று வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு அப்பத்தாவின் கையைக் கட்டிலோடு துணியால் கட்டச் சொன்னார்கள், ஊசிக் குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று. என்னால் முடியவில்லை. ஏர்வாடி எங்களுக்குத் தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் கூடாது என்கிறது. வார்டில் துணியால் கட்டுவது அதுவல்ல, தெரியும். ஆனாலும் கட்டினால் டெலிரியம் கூடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது. கடலுக்குப் போயாக வேண்டும் என்று நினைக்கிறவளைக் கட்டிப்போட்டால் அவள் என்ன செய்வாள்? கட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வத்தம் இன்னும் வரல அப்பத்தா, விடிஞ்சுதான்" என்றேன். சரி என்று படுத்தாள். காற்றுக்கருப்பு அண்டிவிட்டது, தர்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்று ஒரு பேச்சும் வீட்டில் எழுந்தது. பிரார்த்தனைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. இடுப்புத் தையலோடு ஆளை வண்டியில் ஏற்றுவதற்குத்தான் நின்றேன்.

தடுக்க முடியுமா என்றால், முடியும், ஓரளவுக்கு. யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 வயது தாண்டிய 852 உள்நோயாளிகளிடம் செய்து 1999இல் வெளியான ஆய்வில் புது மருந்து எதுவும் கிடையாது. கண்ணாடி, காதுக் கருவி, போதிய தண்ணீர், இரவில் மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகு தடவலும், சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது, அடிக்கடி பேச்சுக்கொடுத்து இடம் பொழுது சொல்வது. டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. இடுப்பு எலும்பு முறிந்த 126 பேரிடம் முதியோர் மருத்துவர் தினமும் வந்து வலி, மலச்சிக்கல், சிறுநீர், தேவையில்லாத மாத்திரை என்று பார்த்த இன்னொரு ஆய்வில் 50 சதவீதம் 32 ஆனது. மருந்துக் கம்பெனி எதுவும் விற்கமுடியாத வைத்தியம் என்பதால்தானோ என்னவோ, இதைப் பற்றி விளம்பரமே இல்லை. நம் ஊர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் இல்லாமல் நோயாளி இல்லை. அமெரிக்காவில் தன்னார்வலர்களைத் திரட்டிச் செய்ததை, இங்கே கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மகளிடம் நர்ஸ் ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் நடந்துவிடும். அந்த ஐந்து நிமிடம்தான் யாரிடமும் இருப்பதில்லை.

பயந்துபோய் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டி மாற்றுவது போன்றவற்றுக்கு யோசிக்க நேரம் உண்டு. இடுப்பு முறிவுக்கு இல்லை. முடிந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வலி, படுக்கைப் புண், நுரையீரல் சளி எல்லாமே டெலிரியத்துக்குத் தீனி. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அந்த ஓட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீட்டிலேயே கட்டுப்போட்டு மூன்று நாள் பார்க்கும் பழக்கம் குறையவில்லை.

அப்பத்தா ஒன்பதாம் நாள் தெளிந்தாள். சிறுநீரில் கிருமி இருந்ததைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்து, அந்த இரண்டு மாத்திரைகளை நிறுத்தி, கண்ணாடியை மாட்டிய பிறகு. இப்போது எட்டு மாதம். வாக்கரைப் பிடித்து வாசல்வரை வருகிறாள். 1964 புயலில் தனுஷ்கோடி போன கதையை ஒரு பெயர் பிசகாமல் சொல்கிறாள். பாசிக் கணக்கு மட்டும் முன்போல் மனதில் நிற்பதில்லை, பேரனிடம் சொல்லி எழுதிவைக்கிறாள். அது அந்த ஒன்பது நாளின் மிச்சமா, வயதா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அடுத்த மாதம் வலது கண்ணில் புரை எடுக்க வேண்டும். கண்ணை மட்டும் மரக்கவைத்துச் செய்வது, மயக்கம் கிடையாது. பார்வை தெளிந்தால் மூளைக்கும் நல்லது. சரிசெய்யாத பார்வைக் குறையை டிமென்ஷியாவின் ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக 2024இல் லான்செட் ஆணையம் சேர்த்திருக்கிறது. இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த முதுகு ஊசி போட மாட்டாய்ங்கள்ல? போன தடவ அதுதான் அப்பு என் புத்தியக் கெடுத்துச்சு."